படம் முடிந்த பிறகு

(கழக்கூட்டத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், நாட்டார் வழக்காறு என்று ஒரு வரிசை உண்டு. சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அமைப்பாளர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். “எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள்” என்பது மட்டும்தான் அவர்கள் விதித்த நிபந்தனை. நான் எடுத்துக்கொண்டதோ புரியாத படங்கள் என்று பெயர் வாங்கியவற்றை. பார்ப்போம்.

இந்த ஊருக்கு இந்தப் பேச்சு பொருந்தும். கழக்கூட்டம் என்றதும் பலருக்கு நினைவு வருவது டெக்னோபார்க், சைனிக் பள்ளி, நெடுஞ்சாலை மேம்பாலம். வரலாறு படித்தவர்களுக்கு எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளை நினைவுக்கு வரலாம். ஆனால் சந்தவிளைப் பக்கம் கின்ஃப்ரா ஃபிலிம் அண்ட் வீடியோ பார்க்குக்குள் கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி இருக்கிறது. 1998-இல் தொடங்கியது; ஷாஜி என். கருண் அதன் முதல் தலைவர். டிசம்பர்தோறும் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஐ.எஃப்.எஃப்.கே. என்ற உலகத் திரைப்பட விழாவை நடத்துவது அந்த அகாதமிதான். இன்னொரு பக்கம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை இருக்கிறது. உலகப் படங்களை வரவழைக்கும் இடமும் தமிழ் படிக்கும் இடமும் ஒரே பேருந்துத் தடத்தில். இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை உண்டா என்பதுதான் என் கவலை.

தியேட்டர் வாசலில் கேட்கிற பேச்சிலிருந்து தொடங்குகிறேன். படம் முடிகிறது. வெளியே வருகிறோம். “எப்படி?” என்கிறார் நண்பர். பெரும்பாலும் வரும் பதில் “ரொம்ப ஸ்லோ.” இன்னொருவர் “அவார்டு படம்ப்பா” என்கிறார், அதில் பாராட்டும் இருக்கலாம், கிண்டலும் இருக்கலாம். மூன்றாமவர் மாஸ்டர்பீஸ் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து அதையே நாலு பேருக்கு அனுப்புகிறார். மூன்று பேருமே படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒருவர் தன் பொறுமையைப் பற்றிச் சொன்னார், ஒருவர் படத்தின் சாதியைச் சொன்னார், ஒருவர் தன் ரசனையின் உயரத்தைச் சொன்னார். திரையில் என்ன இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

என் கட்சி எளிமையானது. கடினமான படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வருகிறவர், கண்டது என்ன, கேட்டது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். தீர்ப்பு அதற்கப்புறம் வரட்டும். கண்டதைச் சொல்லத் தொடங்கினாலே பாதித் தீர்ப்பு மாறிப்போகும். சமீபத்தில் நான் பார்த்த, திரும்பப் பார்த்த சில படங்களை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. கொரோனாவால் தள்ளிப்போய் 2022 மார்ச்சில் நடந்த ஐ.எஃப்.எஃப்.கே.யில், பார்வையாளர்கள் வாக்களித்துத் தரும் விருதும் இதற்கே கிடைத்தது. ஒன்றேகால் மணி நேரப் படம். கதை என்று கேட்டால் ஒரு வரி: குடிகாரத் தகப்பன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைத் தேடிப் போகிறான், பிறகு இருவரும் வெயிலில் நடந்தே திரும்புகிறார்கள். ‘அட, நடந்துகொண்டே இருக்கிறார்களே!’ என்று சலித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ஏன் நடக்கிறார்கள் என்பதைக் கவனித்தோமா? பேருந்துக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்பன் அம்மாவைக் கொன்றுவிடுவான் என்ற பயம் அவனுக்கு. பேருந்தில் போனால் சீக்கிரம் போய்விடலாம், நடந்தால் நேரமாகும். நேரத்தை நீட்டுவதற்காகவே ஒரு சின்னப் பையன் அடி வாங்கத் தயாராகிறான். படம் மெதுவாகப் போகிறது என்கிறோம். அதை மெதுவாக்கியவனே அந்தப் பையன் வேலுதான். அந்த நடை நீள நீள ஒரு பெண்ணின் உயிர் நீளுகிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு ‘ஸ்லோ’ என்ற சொல்லை அந்தப் படத்தின் மேல் வீச எனக்கு வாய் வராது.

இன்னொரு காட்சி. வழியில் கிடைத்த உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து, முன்னால் போகும் அப்பன் முதுகில் பையன் வெயிலைப் பாய்ச்சுகிறான். அப்பனைத் திருப்பி அடிக்க அவனிடம் வேறு ஆயுதம் இல்லை. விளையாட்டும் பழிவாங்கலும் ஒரே செய்கையில் இருக்கின்றன. வசனம் இல்லை. இதை எழுத்தில் கொண்டுவர முயலும் சிறுகதைக்காரர் மூன்று பத்தியாவது செலவழிப்பார், கடைசியில் ‘பழி’ என்ற சொல்லைப் போட்டுக் கெடுத்தும் விடுவார்.

கடைசியில் ஊற்றுக்குழியில் பெண்கள் கிண்ணத்தால் நீர் மொள்ளும் காட்சி. குழியில் ஊறுவது கொஞ்சம். ஊற ஊற மொள்ள வேண்டும். கேமரா காத்திருக்கிறது. அந்தப் பெண்களுக்கு அது அன்றாடக் காத்திருப்பு, நமக்கு அது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்க மாட்டாமல் செருமுகிற நம் தொண்டைச் சத்தமும் படத்தின் ஒலிப்பதிவில் சேர்த்திதான்.

இதே இயக்குநரின் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி திரையரங்குகளுக்கு வந்தது. அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. பெர்லின் விழாவில் காட்டப்பட்ட படம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, சூரியும் அன்னா பென்னும் நடித்தது. தமிழ்நாட்டுப் பெரிய தியேட்டர்களில் பின்னணி இசையே இல்லாத படம் ஒன்று ஓடியது என்பதே செய்தி. இப்படிப்பட்ட படத்தைத் தியேட்டரில் விட்டிருக்கவே வேண்டாம் என்ற குரல் திரைத்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே இருக்கட்டும். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. சாப்பாட்டுக் கடையில் கசப்பான காயை வைக்காதே என்று சொல்வது போன்றது அது. பாகற்காய் பிடிக்காதவர் தன் இலையில் ஒதுக்கி வைத்தால் போதும்.

அந்தப் படத்தில் என்ன கேட்கிறோம்? ஷேர் ஆட்டோவின் இரைச்சல், பைக் சத்தம், காலைக் கட்டிப்போட்ட சேவலின் கேவல். மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பமே அவளைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. அவள் வாயே திறப்பதில்லை. வழியில் எங்கோ விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு. அவள் உதடு அசைகிறது, கூடவே முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்ததும் அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டிக்கு வெறி பிடிக்கிறது. அவளை மட்டுமா, தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். பின்னணி இசையை ஏன் எடுத்தார்கள் என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. படம் முழுக்க இசை ஓடியிருந்தால் அந்த ஒரு பாட்டு நம் காதிலேயே விழுந்திருக்காது. அவளுடைய ஆசை, காதல், பிடிவாதம் எல்லாம் அந்த முணுமுணுப்புக்குள் அடங்கியிருப்பதும் தெரிந்திருக்காது.

முடிவைப் பற்றித்தான் ஏகப்பட்ட சண்டை. சாமியாடி வேறொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுகிற விதத்தை, அவளைத் தொடுகிற விதத்தைப் பாண்டி பார்க்கிறான். அடுத்தது மீனாவின் முறை. படம் அங்கே நின்றுவிடுகிறது. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். பாண்டி திருந்தினான் என்று காட்டியிருந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். திருந்தவில்லை என்று காட்டியிருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்போம். இப்போது இரண்டுக்கும் வழியில்லை. பேய் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று அந்த மனிதன் முதன்முறையாக யோசிக்கத் தொடங்கும் இடத்தில் படத்தை நிறுத்தியது சரியான முடிவு.

அதற்காகப் படத்தில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். சேவலை மீனாவுக்கு இணையாக வைத்தது முதல் சில காட்சிகளிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகும் பிறகும் அதைக் காட்டுவது, வாத்தியார் கரும்பலகையில் அடிக்கோடு போடுவதாகிவிடுகிறது. ஆண்கள் கூடி விரட்டியும் நகராத காளையை ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிப் போகும் காட்சியை எல்லாரும் புகழ்ந்தார்கள். அழகுதான், ஆனால் அழகு கொஞ்சம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. ‘கூழாங்கல்’லில் கண்ணாடித் துண்டு அந்த நிலத்தில் தானாகக் கிடந்தது. ‘கொட்டுக்காளி’யில் காளை வரவழைக்கப்பட்டிருக்கிறது. இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால் நான் முதலாவதைச் சொல்வேன்.

மலையாளத்தில் ‘கொட்டுக்காளி’க்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, சனல் குமார் சசிதரனின் ‘எஸ் துர்கா’. 2017-இல் அதே ராட்டர்டாமில் அதே டைகர் விருதைப் பெற்றது. அதே ஆண்டு கோவா விழாவுக்குத் தேர்வுக்குழு தேர்ந்தெடுத்த படத்தை மத்திய அமைச்சகம் நீக்கியது, கேரள உயர்நீதிமன்றம் காட்டச் சொல்லியும் அங்கே அது காட்டப்படவில்லை. நள்ளிரவில் ஊரைவிட்டு ஓடப் பார்க்கும் ஜோடி, ரயில் நிலையத்துக்குப் போக ஓர் ஆம்னி வேனில் ஏறுகிறது. உள்ளே இருக்கும் ஆண்கள் உதவுவதுபோலவே பயமுறுத்துகிறார்கள். நடுநடுவே காளி கோயிலில் முதுகில் கொக்கி குத்தித் தொங்கும் கருடன் தூக்கம். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வண்டிக்குள் ஒரு பெண், சுற்றிலும் ஆண்கள், போகும் வழியெல்லாம் ஒரு தெய்வம். தமிழில் பகல், மலையாளத்தில் இரவு. தமிழ்ப் படத்தில் ஆண்கள் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள், மலையாளப் படத்தில் அந்நியர்கள். எது அதிகப் பயம் என்று பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரையில் பலரும் சொன்னது சொந்தக்காரர்களைத்தான்.

இப்படி இரண்டு மொழிப் படங்களை அருகருகே வைத்துப் பேசும் வாய்ப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இல்லை. பயன்படுத்துகிறோமா?

கேரளத்துக்காரர்களுக்குப் பேசத் தெரிந்திருக்கிறது என்றால் அது பிறவிக் குணமில்லை, பழக்கம். 1965-இல் புனே திரைப்படக் கல்லூரியை முடித்துவிட்டு வந்த அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அடூர் அதற்கு முன்பு படித்தது நம் காந்திகிராமத்தில் என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும். படம் எடுப்பதற்கு முன்னால் படம் பார்க்கிறவர்களைத் திரட்ட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். ‘சுயம்வரம்’ வந்தது 1972-இல், அதாவது ஏழு ஆண்டு கழித்து. அந்த ஏழு ஆண்டும் வீணில்லை. 1981-இன் ‘எலிப்பத்தாய’த்தில், கல்யாணத்துக்குக் கிளம்பிய உண்ணி வழியில் சேற்றுக் குட்டையைப் பார்த்துவிட்டு, தாண்டத் தெரியாமல் வீட்டுக்கே திரும்பிவிடும் காட்சியைப் பார்த்துச் சிரிக்கவும் பிறகு சிரிப்பு அடங்கி யோசிக்கவும் தெரிந்த ஒரு கூட்டம் அதற்குள் தயாராகியிருந்தது.

புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயரும் திருவனந்தபுரத்துக்காரர்தான். படச்சுருளைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதோடு அவர் நிற்கவில்லை. ஊர் ஊராக ஃபிலிம் சொசைட்டிகளுக்கு அனுப்பி வைத்தார். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் கே.வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பு பாக்குத் தோட்டக்காரர்களையும் கூலியாட்களையும் உட்காரவைத்து உலகப் படங்களைக் காட்டியதற்குப் பின்னாலும் அவர் கை உண்டு. படிப்பறிவு அதிகமில்லாதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்ற வாதம் அங்கேயே தோற்றுவிட்டது. இன்றும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தாங்கள் புரிந்துகொள்ள விரும்பாததை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள்.

ஜான் ஆபிரகாமை நாமும் அவர்களும் பங்கு போட்டுக்கொள்ளலாம். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977), வெங்கட் சாமிநாதன் எழுத்தில். கழுதை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தேசிய விருது வாங்கிய படத்தை 1989-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்தியது. மலையாளத்தில் ‘அம்ம அறியான்’ (1986). ஒடேசா என்ற கூட்டமைப்பு ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் ‘தி கிட்’டைத் திரையிட்டு, துண்டேந்தி வாங்கிய காசில் எடுத்த படம். சில்லறை கொடுத்தவர் அத்தனை பேரும் அந்தப் படத்துக்குத் தயாரிப்பாளர்கள்; தயாரிப்பாளருக்குப் படத்தைப் பற்றிப் பேச உரிமை உண்டல்லவா? பேசினார்கள், திட்டினார்கள். தமிழில் அவர் எடுத்த படத்துக்கு அப்படியொரு கூட்டம் அமையவில்லை. அதைப் பார்த்தவர்களைவிடப் பார்க்காமலே எதிர்த்தவர்கள் அதிகம்.

கேரளத்தைப் புகழ்ந்தது போதும். அங்கேயும் ஒரு நோய் உண்டு, வழிபாடு. கிம் கி-டுக் என்ற கொரிய இயக்குநரைத் தெரியாத கல்லூரி மாணவர் ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் இல்லை. 2013-இல் விழாவுக்கு அவர் வந்தபோது நம் ஊர் நட்சத்திரங்களுக்குக் கூடுகிற கூட்டம் கூடியது. அந்த ஆண்டுதான் ‘மோபியஸ்’ காட்டினார்கள். ஒரு வசனம்கூட இல்லாத, உடலைச் சிதைக்கும் வன்முறை நிறைந்த படம். பார்த்தவர்களில் சிலர் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. மயக்கம் போட்டதையே படத்தின் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. 2018-இல் நடிகைகள் அவர்மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சொன்னபோது, அதே ரசிகர்களில் பலர் வாயடைத்துப் போனார்கள். அவருடைய படங்களில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது முதலிலிருந்தே திரையில்தான் இருந்தது. கண்டதைச் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கேள்வி 2013-லேயே அரங்கில் எழுந்திருக்கும். ‘வசந்தம், கோடை, இலையுதிர், பனி… மறுபடி வசந்தம்’ என்ற அவருடைய படத்தின் ஏரியும் மிதக்கும் மடமும் இன்றும் எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்ல வேண்டும், இதையும் சொல்ல வேண்டும். மாஸ்டர் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டையும் அடைக்க முடியாது.

கடினமான படம் என்றால் நல்ல படம் என்று ஒரு கணக்குப் பலருக்கு இருக்கிறது. அதுவும் பொய். விழாக்களுக்கென்றே அச்சில் வார்த்ததுபோல் வரும் படங்கள் ஏராளம்: ஒருவர் நீண்ட நேரம் ஜன்னலைப் பார்ப்பார், ஒரு நாய் குறுக்கே போகும், முடிந்துவிடும். காத்திருக்கச் சொல்கிற படம் காத்திருப்புக்குக் கூலி தர வேண்டும்.

கூலி தருகிற படத்துக்கு உதாரணம் பெலா டாரின் ‘தி டூரின் ஹார்ஸ்’ (2011). 2022 டிசம்பர் விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது பெற அவரே இங்கு வந்திருந்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம், மொத்தமே 30 ஷாட். ஓயாத காற்று, ஒரு வீடு, கை வழங்காத தகப்பன், மகள், வேலை செய்ய மறுக்கும் குதிரை. நாள்தோறும் ஆளுக்கொரு வெந்த உருளைக்கிழங்கு. முதல் நாள் அவர் சூட்டோடு தோலை உரித்து அவசர அவசரமாகத் தின்பதைப் பக்கத்தில் நின்று காட்டுகிறது கேமரா. அடுத்த நாள் மகள் தின்பதைக் காட்டுகிறது. பிறகு இருவரையும் சேர்த்து. அதே கிழங்கு, அதே மேசை. நாம் இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஆறாம் நாள் தண்ணீர் இல்லை, விளக்கு எரியவில்லை, கிழங்கு வேகவில்லை. பச்சைக் கிழங்கைக் கடிக்கும் சத்தம். ஐந்து நாள் நம்மைச் சலிக்க வைத்ததற்கான காரணம் அந்த ஒரு கடியில் விளங்குகிறது. சலிப்பாக இருந்த சாப்பாடு எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தகப்பனுக்குத் தெரியுமோ தெரியாதோ, நமக்குத் தெரிந்துவிடும்.

அதே 2022 விழாவில்தான் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பார்வையாளர் விருதும் அதற்கே. டாகூர் தியேட்டரில் இடம் கிடைக்காதவர்கள் கூச்சல் போட்டு, போலீஸ் வழக்குப் பதியும் அளவுக்குப் போனது. கேமரா அசையாமல் நின்று பார்க்கிற ஒரு படத்துக்கு இடம் கேட்டுக் கலவரம்! உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், போலீஸ் இல்லாமல்.

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வேனில் திரும்பும் மலையாளிக் கூட்டத்தின் தலைவர் ஜேம்ஸ். தமிழ்ச் சாப்பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் குறை சொல்லிக்கொண்டே வருபவர். நண்பகலில் எல்லாரும் உறங்க, வேனை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக்காட்டு வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமல்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். கொடியில் கிடக்கும் கைலியைக் கட்டிக்கொள்கிறார். சர்க்கரை வேண்டாம் என்றவர் டீக்குச் சர்க்கரை கேட்கிறார். மம்மூட்டி நடித்தது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், எழுத்து எஸ். ஹரீஷ். பழநிக்குப் பக்கத்தில் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் லாட்ஜில், சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடும் குறளுக்கு விளக்கம் வருகிறது. கதையின் சாவியை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டோமா என்பது நம் பாடு.

எல்லாரும் மம்மூட்டியைப் பேசினார்கள். நான் காதைப் பேசுகிறேன். அந்த ஊரில் டிவியும் ரேடியோவும் ஓயவே ஓயாது. பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் சுவருக்குப் பின்னாலிருந்து, அடுத்த வீட்டிலிருந்து, டீக்கடையிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கண் தெரியாத தாய் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவன் பிள்ளையில்லை என்று கண்ணுள்ளவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள். அவளுக்கு அவன் பிள்ளைதான். பல இடங்களில் அந்தப் பழைய வசனம், இப்போது நடக்கும் காட்சிக்குப் பதில் சொல்வதுபோலவே வந்து விழுகிறது. இந்த அடுக்கு முழுமையாகக் கிடைப்பது தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த காதுக்குத்தான். கோட்டயத்துக்காரருக்கோ கோழிக்கோட்டுக்காரருக்கோ அது வெறும் பின்னணிச் சத்தமாகப் போகலாம். ஆக இது மலையாளப் படமாக இருந்தும், அதன் பாதியைத் தமிழர்தான் மலையாளிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்லவில்லை.

ஒலியைப் பற்றிப் பேசும்போது அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ (2020) படத்தை விட முடியாது. திலீப் குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’தான் மூலம். கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு முஸ்லிமின் ஒரு நாள். பழைய புகைப்படம் மாதிரி, சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் சிறிய சட்டகம். தண்ணீர் பிடிக்கிறார், மனைவியைப் பேருந்து ஏற்றிவிடுகிறார், கடையில் துணி எடுத்துப் போடுகிறார், கவிதை சொல்கிறார். தெருவில் எங்கேயோ ஒலிபெருக்கியில் வெறுப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நசீர் அதைக் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை; நாமும் மெல்ல மெல்ல அதைக் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறோம். அன்று இரவு அவர் வீடு திரும்பும் தெருவில் அந்தப் பேச்சு ஆளாக வந்து நிற்கிறது. ‘ஒன்றுமே நடக்கவில்லை, கடைசியில் திடீரென்று முடிந்துவிட்டது’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். காலையிலிருந்து நடந்துகொண்டேதான் இருந்தது. நாம் கேட்கவில்லை. ‘நண்பகல்’ படத்தில் ஓயாத ஒலி ஒரு மனிதனை இன்னொரு மொழிக்குள் கூட்டிப்போய்ப் பிள்ளையாக்குகிறது. ‘நசீர்’ படத்தில் ஓயாத ஒலி பக்கத்துத் தெருக்காரனைக் கொல்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தபோது தமிழ் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு தனிச் சொற்பொழிவே நிகழ்த்தலாம் என்று தோன்றியது. பயப்படாதீர்கள், இன்றைக்கு இல்லை.

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ பற்றியும் கேட்பீர்கள். 2024-இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ பெற்றது, நடித்த கனி குஸ்ருதி திருவனந்தபுரத்துக்காரர். சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையில் நர்ஸாக இருக்கும் பிரபாவுக்கு, ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து என்று கருதும்படி ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. ஓர் இரவில் அதை மடியில் இழுத்து அணைத்துக்கொள்கிறாள். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆள் அனுப்பிய ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாம் பாதியின் கடற்கரைப் பகுதி எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. நகரத்தின் நெரிசலில் இருந்த உண்மை அங்கே கனவாகக் கரைகிறது. மறுப்பவர்கள் மறுக்கட்டும். மறுப்பு வேண்டும் என்பதற்குத்தானே இவ்வளவும்.

தமிழில் இத்தகைய படங்கள் வரவில்லை என்ற புலம்பல் இனி செல்லாது. ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்தது 1965-இல், சித்ரலேகா தொடங்கிய அதே ஆண்டில். ருத்ரையா, பாலு மகேந்திரா என்று தொட்டுத் தொட்டு வந்த வரிசை இன்று வினோத்ராஜ், அருண் கார்த்திக் என்று நீள்கிறது. சென்னையில் 2003 முதல் உலகப் பட விழா நடக்கிறது. ‘நிழல்’ போன்ற சிறு பத்திரிகைகள் கைக்காசு போட்டு எழுதிவந்திருக்கின்றன. ஆனால் அரசு செலவில், ஆண்டு முழுக்க, படங்களைச் சேகரித்து, காட்டி, பேசவைக்கும் ஒரு சலச்சித்திர அகாதமி தமிழ்நாட்டில் இல்லை. கேரள அரசு 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று சொந்த ஓ.டி.டி. தளமே தொடங்கிவிட்டது. நம்மிடம் படம் இருக்கிறது, பார்க்க ஆளும் இருக்கிறது. பார்த்தவர்கள் கூடிப் பேச இடம்தான் இல்லை. தனியாக வீட்டில் ஓ.டி.டி.யில் பார்ப்பவர் பத்தாவது நிமிடத்தில் வேகமாக ஓடவிட்டுவிடுகிறார். ‘கூழாங்கல்’ வேலு கஷ்டப்பட்டு நீட்டிய நேரத்தை ஒரு விரலால் சுருக்கிவிடுகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அமைப்பாளர்களிடமும், காரியவட்டத்துத் தமிழ் மாணவர்களிடமும், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளிடமும் சேர்த்தே வைக்கிறேன். டெக்னோபார்க் ஊழியர்களின் பிரதித்வனி அமைப்பு ‘கிஸா’ என்று குறும்பட விழாவே நடத்துகிறது. வழி தெரியாத ஊரில்லை இது. மாதம் ஒரு படம் போடுங்கள். ஒரு மாதம் தமிழ், அடுத்த மாதம் மலையாளம், நடுவில் எப்போதாவது வெளிநாட்டுப் படம். உரிமை வாங்கி முறையாகப் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, கதவைத் திறக்காமல், ஒரு மணி நேரம் பேசுங்கள். முன்வரிசைப் பேராசிரியரை முதலில் பேசவிடாதீர்கள், பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள். ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று யார் சொன்னாலும், “சரி, எந்த இடத்தில்?” என்று கேளுங்கள். அவர் இடத்தைச் சொல்லட்டும், அதற்கு எதிராக இன்னொருவர் இன்னோர் இடத்தைச் சொல்லட்டும். பேசியதில் நல்லதை ஒருவர் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும், அதை இன்னொருவர் மலையாளத்தில் போடட்டும்.

முதல் மாதம் மட்டும் ‘கூழாங்கல்’லையும் ‘எஸ் துர்கா’வையும் ஒரே நாளில் போடலாம் என்பது என் யோசனை. இடம் தர முடியுமா என்று அவைத் தலைவர் இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.